ஒரு விரலும் பல வைத்தியங்களும்

மேற்கத்திய செவ்வியல் இசையோடு சிறிதளவே பழக்கமுள்ளவர்கள்கூட ராபர்ட் ஷூமனைப் பற்றி ஒரு கதையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பியானோ வித்வானாகப் பெயரெடுக்கத் துடித்த ஓர் இளைஞன், சொன்னபடி கேளாத விரலை வசப்படுத்துவதற்காகப் பொறி ஒன்றைச் செய்கிறான். விரலை மேல்நோக்கி இழுத்துக் கட்டிவிட்டு மற்ற விரல்களால் அசுர சாதகம் செய்கிறான். ஒருநாள் அந்த விரல் நிரந்தரமாக முடங்கிப்போகிறது. வாசிக்க முடியாதவன் எழுதத் தொடங்குகிறான். உலகுக்கு ஒரு மகத்தான இசையமைப்பாளன் கிடைக்கிறான். பேராசைக்குத் தண்டனை, தண்டனையே வரமாகும் விந்தை என்று நீதிக்கதைக்கு வேண்டிய அனைத்தும் கச்சிதமாக அமைந்துவிட்டதால், இசைத்தட்டு உறைகளிலும் கச்சேரிக் குறிப்புகளிலும் இக்கதை நூறாண்டுகளுக்கு மேலாகச் சுற்றிவருகிறது.

முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பொறி ஒன்று இருந்தது, விரலும் முடங்கியது. ஆனால் ஷூமனின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கும்போது காரணமும் விளைவும் இடம் மாறிக்கொள்கின்றன. பொறி வருவதற்கு வெகுமுன்பே விரலில் கோளாறு தொடங்கிவிட்டது. அப்படியானால் அந்தப் பொறி என்ன? விரலைக் கெடுத்த கருவி என்பதைவிட, கெடத் தொடங்கிய விரலுக்கு எவரிடமும் கேட்காமல் தனக்குத் தானே ஒருவர் செய்துகொண்ட வைத்தியம் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. விரல் எதனால் கெட்டது என்ற விவாதத்தில் அறிஞர்கள் ஏராளமான தாள்களைச் செலவிட்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிட ஆர்வமூட்டுவது வேறொன்று. கெட்டுவிட்டது என்று உள்ளூரத் தெரிந்த பிறகும் அந்த இளைஞர் ஏன் மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போட்டார், போனபோது அவருக்கு என்ன கிடைத்தது, எந்தக் கட்டத்தில் போதும் என்று கையை விட்டார் என்பது.

*

1830 ஜூலையில் ஷூமனுக்கு இருபது வயது. ஸ்விக்காவ் நகரில் புத்தக வியாபாரியும் பதிப்பாளருமாக இருந்த தந்தை ஆகஸ்ட் ஷூமன் 1826-லேயே இறந்துவிட்டிருந்தார். தாயின் விருப்பப்படி முதலில் லைப்சிக்கிலும் பிறகு ஹைடல்பர்கிலும் சட்டம் படித்துக்கொண்டிருந்தார் மகன். படித்துக்கொண்டிருந்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். வகுப்புப் பக்கம் எட்டிப்பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் பாகனீனியின் வயலினைக் கேட்டுவிட்டு வந்த பிறகு மனம் சட்டப் புத்தகத்தை அடியோடு விட்டுவிட்டது. இசையே என் வழி என்று தாய்க்கு நீண்ட கடிதம் எழுதி, தன் தகுதியைப் பற்றி லைப்சிக் பியானோ ஆசிரியர் ஃப்ரீட்ரிஷ் வீக்கிடமே கேட்டுக்கொள்ளும்படி வேண்டினார். கலங்கிப்போன அந்தத் தாய் வீக்குக்கு எழுதினார். வீக்கின் பதில் துணிச்சலானது: மூன்றே ஆண்டுகளில் இவனை இன்றிருக்கும் தலைசிறந்த பியானோ வித்வான்களில் ஒருவனாக ஆக்கிக்காட்டுகிறேன் என்றார். கூடவே நிபந்தனைகளும் விதித்தார். ஒழுங்கு வேண்டும், பொறுமை வேண்டும், வறண்ட இசையிலக்கணத்தை நாள்தோறும் படிக்க வேண்டும், முதல் ஆறுமாதம் சோதனைக் காலம்.

இந்த ஒப்பந்தத்தின் எடையை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடப்பது விளங்கும். விதவைத் தாயின் சம்மதம், தந்தை விட்டுச்சென்ற பணம், கைவிட்ட படிப்பு, ஊரறிய ஆசிரியர் கொடுத்த வாக்கு என எல்லாமும் பத்து விரல்களின் மீது ஏற்றி வைக்கப்பட்டன. அந்தப் பத்தில் ஒன்று அதற்குள்ளாகவே சரியில்லை.

ஹைடல்பர்கில் இருந்தபோதே, 1830 ஜனவரி நாட்குறிப்பில், தன் மரத்துப்போன விரலைப் பற்றி ஷூமன் குறித்திருக்கிறார். மோஷெலஸின் கடினமான மாறுபாட்டுத் தொடர் ஒன்றைப் பொதுமேடையில் வாசிப்பதற்காக அவர் கடுமையாக உழைத்துக்கொண்டிருந்த சமயம் அது. ஆக, வீக்கின் மூன்றாண்டு வாக்குறுதிக்கு அரையாண்டுக்கு முன்பே அறிகுறி தோன்றியாயிற்று. தாய்க்கு எழுதிய அந்தப் பெரிய கடிதத்தை அவர் எழுதியபோது இது அவருக்குத் தெரியும்.

அக்டோபரில் லைப்சிக் வந்து வீக்கின் வீட்டிலேயே தங்கினார். அந்த வீட்டில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள்: ஆசிரியரின் மகள் கிளாரா. அவளுடைய பத்து விரல்களும் தந்தையின் சொல்லுக்கு ஒருநாளும் மறுத்ததில்லை. 1831 செப்டம்பரில் வீக் அவளை அழைத்துக்கொண்டு பாரிஸ் நோக்கிக் கச்சேரிப் பயணம் கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது அடுத்த ஆண்டு வசந்தகாலம் ஆகியிருந்தது. இடைப்பட்ட மாதங்களில் மேற்பார்வைக்கு ஆளில்லாமல், நேரம் காலம் பாராமல் ஷூமன் சாதகம் செய்தார். விரல் மோசமானது இந்தக் காலத்தில்தான்.

1832 மே மாத நாட்குறிப்பில் ‘சிகார் பொறி’ என்று ஒன்று தலைகாட்டுகிறது. அதன் உதவியால் மூன்றாம் விரல், அதாவது நடுவிரல், கொஞ்சம் தேறிவருவதுபோல் இருக்கிறது என்ற தொனியில் அந்தக் குறிப்பு அமைந்திருக்கிறது. அது எப்படிப்பட்ட அமைப்பு என்று எவருக்கும் சரியாகத் தெரியாது. சுருட்டுப் பெட்டியிலிருந்து செய்யப்பட்டதாக இருக்கலாம் என்பது பெயரை வைத்துச் செய்யும் ஊகம். கவனிக்க வேண்டியது ‘தேறிவருகிறது’ என்ற எதிர்பார்ப்பு. நன்றாக இருக்கும் விரலைப் பற்றி யாரும் அப்படி எழுதமாட்டார்கள். அடுத்த மாதமே, விரல் முழுவதுமாக விறைத்துவிட்டது என்று எழுதுகிறார்.

இப்படி ஒரு பொறியை நாடியதற்காக அவரை விசித்திரப் பிறவி என்று நினைத்துவிடக் கூடாது. அது இயந்திரங்களின் காலம். யோஹன் பெர்ன்ஹார்ட் லோகியர் என்பவர் 1814-இல் ‘கைரோபிளாஸ்ட்’ என்ற சட்டகத்துக்கு உரிமம் பெற்றிருந்தார். மாணவனின் மணிக்கட்டையும் விரல்களையும் சட்டத்துக்குள் நுழைத்துக் குறிப்பிட்ட நிலையிலேயே நிறுத்திவைப்பது அதன் வேலை. பாரிஸின் புகழ்பெற்ற கால்க்ப்ரென்னர் கையைத் தாங்கும் கம்பி ஒன்றைப் பியானோவில் பொருத்தச் சொல்லி மாணவர்களைப் பழக்கினார். ஆன்ரி எர்ஸ் 1836-இல் வெளியிட்ட கருவியில் பத்து வளையங்கள் சுருள்வில்லில் தொங்கின. விரலை அதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுரத்தையும் வில்லின் இழுப்பை எதிர்த்து அழுத்த வேண்டும். நெசவுத்தறியும் நீராவியும் உலகை மாற்றிக்கொண்டிருந்தபோது கையும் ஓர் எந்திரம்தான், திருகாணியை முடுக்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவியிருந்தது இயல்பே. அதன் உச்சத்தை 1880களில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் காண்கிறோம். அங்கே ஃபோர்ப்ஸ் என்ற அறுவை மருத்துவர், பியானோ வாசிப்பவர்களின் மோதிரவிரலைப் பக்கத்து விரல்களோடு பிணைக்கும் தசைநாண் கிளைகளைக் கத்தியால் வெட்டி ‘விடுதலை’ செய்துகொண்டிருந்தார். அதோடு ஒப்பிட்டால் சுருட்டுப் பெட்டி சாதுவான விஷயம்.

*

1832 ஆகஸ்டில் தாய்க்கு ஷூமன் எழுதிய கடிதம்தான் இந்த வரலாற்றின் மையம் என்று நினைக்கிறேன். நோயைப் பற்றி அவர் எழுதியவற்றில் இவ்வளவு வெளிப்படையானது வேறில்லை.

கையைப் பற்றி மிகவும் கவலையாக இருந்தது; ஆனால் உடற்கூறு அறிந்த ஒருவரிடம் போய்க் கேட்பதை வேண்டுமென்றே தவிர்த்துவந்தேன் என்கிறார் அதில். காரணத்தையும் மறைக்கவில்லை. இதற்கு மாற்றில்லை என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற அச்சம். கேட்காதவரை அது வெறும் விரல்வலி. கேட்டுவிட்டால் தீர்ப்பு. அந்த இடைவெளியிலேயே பல மாதங்களை அவர் ஓட்டியிருக்கிறார். ஓட்டியபடியே மாற்று எதிர்காலங்களையும் மனதுக்குள் கட்டிப்பார்த்திருக்கிறார். இறையியல் படித்துப் பாதிரியாராகிவிடலாம் என்று ஒரு திட்டம். சட்டம் மட்டும் வேண்டாம் என்பதில் அப்போதும் உறுதி! பாதிரியார் குடியிருப்பையும் அதில் தாய் வந்து அமர்ந்திருப்பதையும்கூடக் கற்பனை செய்து பார்த்ததாக எழுதுகிறார். மருத்துவரைப் பார்க்கப் பயந்த ஒருவர், அவர் சொல்லக்கூடிய மிக மோசமான சொல்லை முன்கூட்டியே தனக்குத் தானே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று இதைப் படிக்கலாம்.

கடைசியில் லைப்சிக்கின் பேராசிரியர் க்யூலிடம் போனார். மனசாட்சிப்படி சொல்லுங்கள், இது குணமாகுமா என்று கேட்டார். அவர் கொஞ்சம் தலையாட்டி யோசித்துவிட்டு, ஆகும், ஆனால் உடனே ஆகாது, ஆறுமாதமாவது பிடிக்கும் என்றார். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல உணர்ந்து, அவர் சொன்ன அனைத்தையும் மகிழ்ச்சியோடு செய்யத் தொடங்கியதாக ஷூமன் எழுதுகிறார். இங்கே ஒரு முரணைக் கவனிக்கலாம். குணமாகாது என்ற சொல்லுக்கு அஞ்சி ஒதுங்கியவர், குணமாகும் என்ற சொல்லைக் கேட்டதும் அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கவில்லை. நோயாளிகளின் தர்க்கம் எப்போதுமே இப்படித்தான் போலிருக்கிறது.

அப்படி என்ன வைத்தியம்? பகலெல்லாம் கையைச் சாராயக் கழிவின் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். இரவில் மூலிகைப் பற்று. பியானோவை இயன்றவரை தொடாமலிருக்க வேண்டும். இவற்றோடு ‘விலங்குக் குளியல்’. அப்போதுதான் அறுக்கப்பட்ட மாட்டின் வயிற்றுக்குள், சூடு ஆறாத குடலுக்கும் இரத்தத்துக்கும் நடுவே கையை நுழைத்து வைத்திருக்க வேண்டும். செத்த மிருகத்தின் எஞ்சிய உயிர்ச்சூடு பலவீனமான மனித உறுப்புக்குள் இறங்கும் என்பது அக்கால நம்பிக்கை. இதன் விவரத்தைத் தாய்க்கு நேரடியாக எழுத ஷூமனுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். தெரிந்த ஒருவர் பெயரைச் சொல்லி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி எழுதுகிறார். வீடே மருந்துக்கடை ஆகிவிட்டது என்றும், மாட்டின் குணம் கொஞ்சம் தனக்குள்ளும் வந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது என்றும் கேலி வேறு.

அந்தக் கேலியைப் படிக்கும்போது சிரிப்பு வருவதில்லை. தலைக்குள் பாஹ்ஹும் ஷூபர்ட்டும் ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞன், காலை வேளையில் கசாப்புக் கொட்டிலுக்குப் போய், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, மாட்டின் வயிற்றில் வலது கையை வைத்துக்கொண்டு நின்ற காட்சி அது. எதையும் செய்யத் தயார் என்ற நிலைக்கு ஒரு மனிதர் வந்துவிட்டால், செய்யச் சொல்வதற்கு எப்போதும் யாராவது இருப்பார்கள். அது அந்த நூற்றாண்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று.

இந்தச் சிகிச்சைப் பட்டியலில் பயனுள்ளது என்று இன்று நாம் ஒப்புக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பியானோவைத் தொடாமலிருப்பது. அதுதான் அவரால் இயலாததும்.

*

க்யூல் சொன்ன ஆறுமாதத்தில் பாதி கழிந்த நிலையில், 1832 நவம்பரின் தொடக்கத்தில் தாய்க்கு இன்னொரு கடிதம் போகிறது. மருத்துவர் இன்னமும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானோ மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டேன், இது குணமாகாது என்றே கருதுகிறேன் என்பது அதன் சாரம். ஊருக்கு வந்ததும் பழைய செல்லோவை எடுக்கப்போகிறேன், அதற்கு இடதுகை விரல்கள் போதும், சிம்பொனி எழுதவும் அது உதவும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

மருத்துவர் குணமாகும் என்கிறார். நோயாளி ஆகாது என்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் இருந்த நிலை அப்படியே தலைகீழாகிவிட்டது. என் பார்வையில், இந்த விரல் தொடர்பாக எவரேனும் எடுத்த சரியான மருத்துவ முடிவு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதை எடுத்தவர் மருத்துவர் அல்லர். அதே நவம்பரில் ஸ்விக்காவில் நடந்த கச்சேரி ஒன்றில் ஷூமன் எழுதிய ஜி மைனர் சிம்பொனியின் முதல் பகுதி அரங்கேறியது. அந்தக் கச்சேரியில் பியானோ வாசித்தவள் பதின்மூன்று வயதுக் கிளாரா.

மனதைத் தேற்றிக்கொண்டேன் என்று எழுதினாலும் ஆசை அவ்வளவு சுலபமாக விடுமா? 1833-லும் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. மின்சாரச் சிகிச்சை செய்து பார்த்தார். அது நன்மையைவிடத் தீங்கே செய்தது என்று அடுத்து வந்த ஹோமியோபதி மருத்துவர் ஹார்ட்மன் சொன்னார். அவர் கொடுத்தது துளித்துளியான பொடியும் கடும் பத்தியமும். காப்பி கூடாது, மது கூடாது. சிகாரும் பீரும் இல்லாமல் ஒரு பக்கம்கூட எழுத முடியாதவர் என்று நண்பர்கள் கேலிசெய்யத்தக்க ஒருவருக்கு மாட்டுக் குடலைவிட இதுதான் கொடுமையாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. பிறகு வைத்தியங்கள் பற்றிய பேச்சே அருகிவிடுகிறது. 1834-இல் நண்பர்களோடு சேர்ந்து இசைக்கான புதிய பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். அடுத்த நான்காண்டுகளில் ‘கார்னவால்’, ‘கிரைஸ்லெரியானா’, ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ என்று பியானோவுக்கான பெரும் படைப்புகள் வரிசையாக வந்தன. அவற்றில் பலவற்றை எழுதியவராலேயே சரிவர வாசிக்க முடிந்திருக்காது.

அன்றைய மருத்துவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்களிடம் இந்நோய்க்குப் பெயர்கூட இருக்கவில்லை. தொழிலால் வரும் நோய்களைப் பற்றி எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமட்சீனி, எழுத்தர்களின் கை ஓயாது எழுதி எழுதிச் செயலிழப்பதை 1713-லேயே பதிவுசெய்திருந்தார். சார்ல்ஸ் பெல் 1830-இல் நரம்புகளைப் பற்றிய நூலில் அதைத் தொட்டிருந்தார். மற்றெல்லா வேலைகளையும் செய்யும் கை, பேனாவைப் பிடித்தால் மட்டும் ஏன் மறுக்கிறது என்பது அவர்களுக்கு விளங்காத புதிராக இருந்தது. பிரிட்டனில் தந்தி அடிப்பவர்களின் கைப்பிடிப்பு தொழில்நோயாக ஏற்கப்பட்டு இழப்பீட்டுப் பட்டியலில் சேர்ந்தது 1908-இல்தான். அதுவரையிலும், அதற்குப் பின்னரும், இது நரம்புத்தளர்ச்சி, மனக்கோளாறு, சோம்பல் என்றெல்லாம் பேசப்பட்டது.

*

எந்த விரல் என்பதிலேயே சாட்சிகள் ஒத்துப்போகவில்லை என்பது வேடிக்கை. ஷூமனின் நாட்குறிப்பு நடுவிரலைச் சொல்கிறது. ஆசிரியர் வீக் 1853-இல் வெளியிட்ட நூலில், தன் புகழ்பெற்ற மாணவன் ஒருவன் தனக்குத் தெரியாமல், தன் விருப்பத்துக்கு மாறாக, ஒரு விரல்வதைக் கருவியைக் கண்டுபிடித்துத் தன் மூன்றாம் நான்காம் விரல்களைப் பாழாக்கிக்கொண்டான் என்று குத்திக்காட்டுகிறார். (இதை எழுதும்போது அந்த மாணவர் அவருடைய மருமகனாகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன, பெயரைச் சொல்ல இன்னமும் மனம் வரவில்லை.) கிளாராவோ பிற்காலத்தில், ஒலியெழுப்பாத ஊமைப் பியானோவில் பழகியதால் கெட்டது ஆள்காட்டி விரல் என்றார். 1841 ஜனவரியில் நண்பரும் மருத்துவருமான ராய்ட்டர் அளித்த சான்றிதழ் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் குறிப்பிடுகிறது. இச்சிறு ஆவணம் முக்கியமானது. அந்த விரல்கள் இளவயதிலிருந்தே பலவீனமாக இருந்ததாகவும், அவற்றைப் பலப்படுத்தவே விரல்களைப் பின்னோக்கி இழுக்கும் பொறியை ஷூமன் பயன்படுத்தியதாகவும் அது சொல்கிறது. பலவீனம் முதலில், பொறி பிறகு. நாட்குறிப்பு காட்டும் வரிசையும் இதுவே.

இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர்கள் புதிய விளக்கங்களைக் கொண்டுவந்தார்கள். 1971-இல் எரிக் சாம்ஸ், பால்வினை நோய்க்காக உட்கொண்ட பாதரசம் நரம்பைத் தாக்கியிருக்கலாம் என்றார். ஷூமன் தன் கடைசி நாட்களைக் கழித்த எண்டெனிக் மனநல விடுதியின் குறிப்புகளில், 1831-இல் தனக்கு அந்நோய் வந்ததாகவும் ஆர்செனிக்கால் குணப்படுத்தப்பட்டதாகவும் அவர் கூறியது பதிவாகியிருக்கிறது. பாதரசம் அங்கே இல்லை. எதுவாயினும், உடல் முழுதும் பரவும் நஞ்சு ஒரு கையின் ஓரிரு விரல்களை மட்டும் தேடிப்பிடித்துத் தாக்குவானேன் என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. தவிரவும், 1830 ஜனவரியின் மரத்துப்போன விரலை அது விளக்காது. 1978-இல் ஹென்சன், யூரிக் என்ற இரு மருத்துவர்கள் முன்கையில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கலாம் என்றார்கள்.

ஹனோவரில் இசைக்கலைஞர்களுக்கென்றே மருத்துவம் பார்த்த நரம்பியலாளர் எக்கார்ட் ஆல்ட்டென்முல்லர் 2005-இல் முன்வைத்த விளக்கம்தான் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஃபோகல் டிஸ்டோனியா என்பது அவர் சூட்டும் நோய்ப்பெயர். கோளாறு விரலில் இல்லை, மூளையில் இருக்கிறது. நம் மூளையின் புறணியில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. மிக விரைவான, ஒரேமாதிரியான அசைவுகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும்போது சிலருக்கு அந்த இடங்களின் எல்லைகள் கலைந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதன்பின் ஒரு விரலுக்கு இட்ட கட்டளை பக்கத்து விரலையும் இழுக்கிறது. விரல் சுருள்கிறது, அல்லது விறைக்கிறது. பெரும்பாலும் வலி இருக்காது. அந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது மட்டுமே தலைகாட்டும். ஷூமன் அதே வலது கையால் அதன்பிறகு இருபதாண்டுகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதினார் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம்.

இந்த விளக்கம் சரியென்றால் ஒரு கசப்பான விஷயமும் தெளிவாகிறது. விரல் தடுமாறும்போது உழைப்பாளியான மாணவன் என்ன செய்வான்? இன்னும் கூடுதலாகச் சாதகம் செய்வான். இந்த நோயைப் பொறுத்தவரை அதுவே நஞ்சு. சிகார் பொறி அந்தக் கூடுதல் சாதகத்தின் உச்சவடிவம்.

மருத்துவத்தை முற்றாக நாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க நமக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃபிளைஷர் 1928-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் ஆர்துர் ஷ்னாபெலிடம் மாணவராகச் சேர்ந்தவர். 1952-இல் பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டியில் வென்றவர். 1964-இல், முப்பத்தாறாம் வயதில், அவருடைய வலதுகை மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கையை நோக்கிச் சுருளத் தொடங்கின. அவரும் முதலில் செய்தது கூடுதல் சாதகம்தான். பிறகு முப்பது ஆண்டுகள் எந்தக் கதவையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊசிமருந்துகள், மனோவைத்தியம், நறுமண வைத்தியம், ஜென் என்று பட்டியல் நீளும். தற்கொலையைப் பற்றியும் யோசித்ததாகப் பின்னாளில் சொன்னார். 1981-இல் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. மறு ஆண்டு பால்டிமோரில் புதிய அரங்கத் திறப்புவிழாவில் இரு கைகளாலும் வாசித்தார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. விரல்கள் இன்னும் தேறவில்லை என்று மேடையிலிருந்த அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. நோய்க்குப் பெயர் கிடைத்தது 1990களில். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே போட்டக்ஸ் ஊசி, தசைகளைத் தளர்த்தும் உடற்பிடிப்பு முறை ஆகியவற்றின் துணையோடு மீண்டும் இரு கைகளால் வாசிக்கத் தொடங்கி, ‘இரு கைகள்’ என்ற பொருள்படும் இசைத்தட்டை 2004-இல் வெளியிட்டார். நோய் போய்விட்டதாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. 2020-இல் மறைந்தார்.

ஷூமன் மூன்று மாதத்தில் நிறுத்திக்கொண்டதையும் ஃபிளைஷர் முப்பது ஆண்டுகள் விடாததையும் பக்கத்தில் வைத்து ஒருவரைப் புத்திசாலி என்று தீர்ப்பளிக்க நான் முயலவில்லை. ஒருவருக்கு எழுதும் கை மிச்சமிருந்தது. மற்றவருக்கு வாசிப்பதே மொழி. இடதுகைக்கான படைப்புகளை வாசித்தும் இசைக்குழுக்களை நடத்தியும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும்தான் அவர் அந்த ஆண்டுகளைக் கடந்தார்.

*

விட்டுவிட்டேன் என்று 1832-இல் எழுதியவர் உண்மையில் விட்டாரா? 1838 டிசம்பரில் வியன்னாவிலிருந்து கிளாராவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த விரல் திரும்ப வருகிறது. கை மேலும் மோசமாகிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தாய் என்று வானத்திடம் பலமுறை முறையிட்டிருக்கிறேன் என்கிறார். இசை முழுவதும் உள்ளே உயிரோடு ஆயத்தமாக நிற்கிறது. மூச்சைப்போல வெளியே விட வேண்டியதுதான் பாக்கி. வாசிக்கப் போனால் ஒரு விரல் இன்னொன்றின்மேல் இடறி விழுகிறது என்று புலம்புகிறார். பிறகு சட்டென்று தன்னைத் தேற்றிக்கொண்டு, இனி நீதான் என் வலதுகை, உனக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்கிறார். காதலின் சொல்தான். ஒருவர் இழந்த விரலின் சுமை முழுவதும் இன்னொருவர் கைக்கு மாற்றப்படும் தருணமும் அதுவே.

வீக்கின் எதிர்ப்பை நீதிமன்றத்தில் வென்று 1840 செப்டம்பர் 12-இல் அவர்கள் மணம் புரிந்துகொண்டார்கள். அடுத்த ஜனவரியில்தான் ராய்ட்டரின் சான்றிதழ் வருகிறது. அது ஊர்க்காவல் படைச் சேவையிலிருந்து விலக்குக் கேட்பதற்கான சான்றிதழ். துப்பாக்கி விசையை இழுக்கத் தகுதியற்ற விரல்! பல வைத்தியங்களைப் பார்த்த அந்தக் கையால் அதன் உரிமையாளருக்குக் கிடைத்த ஒரே உலகியல் இலாபம், அந்தப் படையில் சேராமல் வீட்டில் உட்கார்ந்து எழுத முடிந்ததுதான். அந்த ஜனவரியில்தான் அவர் தன் முதல் முழுச் சிம்பொனியின் வரைவைச் சில நாட்களில் எழுதி முடித்தார்.

1850-இல் இளம் இசை மாணவர்களுக்காக ஷூமன் வெளியிட்ட அறிவுரைத் தொகுப்பில் ஊமைப் பியானோவைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. அது எதற்கும் உதவாது என்று தெரிந்துகொள்வதற்காக வேண்டுமானால் கொஞ்சநாள் பழகிப் பாருங்கள், ஊமையிடம் பேசக் கற்றுக்கொள்ள முடியாது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். தன் விரலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அவர் 1856-இல் இறந்துபோனார். கிளாரா மேலும் நாற்பதாண்டுகள் வாழ்ந்து, அவற்றில் பெரும்பகுதியைக் கணவரின் படைப்புகளை ஐரோப்பிய மேடைகளில் வாசிப்பதில் கழித்தார். 1870களின் நடுவில் அவருடைய கையிலும் தோளிலும் கடும்வலி வந்து கச்சேரிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. கணவரைப்போல் அவர் தயங்கவில்லை. கீல் நகரில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் எஸ்மார்க்கிடம் போனார். வலியைப் பார்த்துப் பியானோவை மூடிவைக்க வேண்டாம், தொடர்ந்து வாசியுங்கள் என்று அவர் ஊக்கியதாகத் தெரிகிறது. கிளாரா மேடைக்குத் திரும்பினார்.

1877 கோடையில் பிராம்ஸிடமிருந்து அவருக்கு ஓர் உறை வந்தது. தனி வயலினுக்காக பாஹ் எழுதிய சாக்கோனைப் பியானோவில் இடதுகை மட்டும் வாசிக்கும்படி மாற்றி எழுதியிருந்தார் பிராம்ஸ். ஒற்றை வயலினின் சிரமத்தைப் பியானோவில் உணர இதைவிட வேறு வழி தெரியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அது அற்புதமான தற்செயல் என்று கிளாரா பதில் எழுதினார். கீலுக்கு வந்து சேர்ந்த மறுநாளே ஒரு மேசை இழுப்பறையைத் திறக்கும்போது அவருடைய வலதுகைத் தசைநாண் பிசகியிருந்தது. அந்த நாட்களில் அவர் இடதுகையால் அந்தச் சாக்கோனை வாசித்துக்கொண்டிருந்தார்.